பாடம் கேட்பவர் யார்?

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், என் மூத்த காக்காவின் மருந்துச் சீட்டுகளையெல்லாம் துணிக்கடைப் பையொன்றிலிருந்து எடுத்துப் பாயில் பரப்பி, தேதி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். காக்கா அவர்கள் உள்ளறையில் மூன்று தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சாய்ந்திருந்தார்கள். திருநெல்வேலியிலுள்ள மருத்துவமனையொன்றிலிருந்து இரண்டாம் முறையாக வீடு திரும்பி மூன்று நாட்களே ஆகியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுமோ என்னும் அச்சம் இன்னும் அவர்களை விட்டபாடில்லை.

பழைய அறபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். மத்ரஸாவில் அறபும் பள்ளிக்கூடத்தில் தமிழும் கற்பித்தே தலை நரைத்தவனுக்கு வேறென்ன தெரியும்? ஒரே கிதாபின் மூன்று படிகளை அருகருகே வைத்து, எந்த எழுத்தர் எங்கே ஒரு சொல்லை விட்டார், எவர் கண் தவறி மேல்வரியையே மீண்டும் எழுதினார் என்று பார்ப்பதுபோலத்தான் அந்தப் பதினொரு சீட்டுகளையும் பார்த்தேன். மூன்று டாக்டர்களின் கையெழுத்து அவற்றில் இருந்தது. முதற்சீட்டு 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் எழுதப்பட்டது. அதில் எனலாப்ரில் 2.5, காலை ஒன்று, இரவு ஒன்று. பிசோப்ரோலால் 1.25, காலையில் ஒன்று. ஸ்பைரோனோலாக்டோன் 25. டாபாக்லிஃப்ளோசின் 10. இவற்றோடு நீர் பிரிய ஒரு மாத்திரை. பத்தாம் சீட்டு 2023 செப்டம்பரில் எழுதப்பட்டது. அதிலும் எனலாப்ரில் 2.5, பிசோப்ரோலால் 1.25. பதினெட்டு மாதங்களில் அளவு ஒரு மில்லிகிராம் கூட ஏறவில்லை. எழுத்தர் மேல்வரியையே பார்த்துப் பார்த்துத் திரும்ப எழுதியிருந்தார்.

அளவு ஏறவில்லையென்றால் அதில் என்ன குறை, சிறிய அளவே நல்லதல்லவா என்று வாசகர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழையென்பது தெரிய வேண்டுமானால் நோயைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும்.

டாக்டர்கள் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்கிறார்கள். தமிழில் இதயச் செயலிழப்பு என்று எழுதுகிறோம். இரண்டுமே கேட்பவரை நடுங்கவைக்கும் பெயர்கள். இதயம் நின்றுவிட்டது என்பதன்று இதன் பொருள். உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்துக் கொடுக்க இதயத்தால் இயலவில்லை என்பதே பொருள். நம் வீடுகளில் 'பம்பிங் குறைவு' என்கிறோமே, அந்தப் பெயர் மேல். நலமான இதயம் கூடத் தன் இடப்புற அறையிலுள்ள இரத்தத்தை ஒரே துடிப்பில் முழுவதும் வெளியே தள்ளிவிடுவதில்லை. பாதிக்குச் சற்று மேலாகத்தான் தள்ளும். இந்த விகிதம் நூற்றுக்கு 40 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்களைப் பற்றியே இங்கே பேசுகிறேன். காக்காவுக்கு எக்கோவில் 28 என்று வந்திருந்தது. 2019-இல் மாரடைப்பு வந்து போனதன் தழும்பு அது.

இறைப்பு குறைந்ததும் உடம்பு ஒரு தவறான முடிவுக்கு வருகிறது. இரத்தம் எங்கோ கொட்டிப் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறது. உடனே சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இதயத்தை வேகமாக ஓடு, ஓடு என்று விரட்டும் சுரப்புகள் பெருகுகின்றன. காயம்பட்டுக் கிடப்பவனைக் காப்பாற்றும் ஏற்பாடுகள்தாம் இவை. இளைத்துப்போன இதயத்துக்கோ இவையே கொல்லும் நஞ்சாக மாறுகின்றன. காலில் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், மேலும் தளரும் இதயம் என்று சங்கிலி நீள்கிறது. நீர் மாத்திரை வீக்கத்தை வடிக்கும். நோயாளிக்குச் சுகம் தெரியும். ஆனால் சங்கிலியை அறுப்பவை வேறு நான்கு வகை மருந்துகள். எனலாப்ரில் வகை அல்லது அதற்குப் பின் வந்த சாக்குபிட்ரில் வால்சார்டான் கூட்டுமருந்து ஒன்று. பிசோப்ரோலால், கார்வெடிலால் முதலிய பீட்டா பிளாக்கர் மற்றொன்று. ஸ்பைரோனோலாக்டோன் வகை மூன்றாவது. டாபாக்லிஃப்ளோசின் வகை நான்காவது. ஐரோப்பிய இதயநோய்க் கழகம் 2021-இலும், அமெரிக்கச் சங்கங்கள் 2022-இலும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இந்த நான்கையும் அடிப்படையாக வைக்கின்றன. இவற்றுள் முதலிரண்டையும் மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, நோயாளி தாங்கும் எல்லைவரை ஏற்ற வேண்டும். எனலாப்ரில் வேளைக்கு 10 அல்லது 20, பிசோப்ரோலால் நாளுக்கு 10 என்பவை இலக்குகள். ஆயுளை நீட்டியதாகக் காட்டிய ஆய்வுகளில் டாக்டர்கள் நோயாளிகளை ஏற்றிச் செல்ல முயன்றது அந்த இலக்குகளை நோக்கித்தான். ஆக, 2.5 என்பது மருந்தின் அளவன்று, மருந்தின் வாசற்படி. காக்கா பதினெட்டு மாதங்களாக வாசற்படியிலேயே நின்றிருந்தார்கள்.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் டாக்டரிடம் போனேன். பத்துச் சீட்டுகளில் ஏழு அவருடையவை. அவர் சிறுவயதில் என்னிடம் அலிஃப், பே தொடங்கிக் குர்ஆனை முழுவதும் ஓதி முடித்தவர். இன்றைக்கும் என்னைக் கண்டால் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்பார். அன்று இரவு பத்து மணிக்குக் கடைசி நோயாளி போன பிறகு உள்ளே அழைத்தார். சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் முதலாவதைப் பார்த்தார், கடைசியைப் பார்த்தார், நடுவில் ஒன்றிரண்டைப் புரட்டினார். முகம் மாறிவிட்டது.

"ஹஜ்ரத், எனக்குத் தெரியாமல் இல்லை" என்றார். "இப்போதே தேர்வு வைத்தாலும் நான்கு மருந்தையும், எந்த அளவில் தொடங்குவது, எதுவரை ஏற்றுவது என்பதையும் ஒப்பித்துவிடுவேன். காக்கா வருவார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். அல்ஹம்து லில்லாஹ், சுகம் என்பார்கள். பிரஷர் பார்த்தால் 100-க்கு 70 இருக்கும். சுகமாக இருப்பவரைப் போய்க் கலைப்பானேன் என்று அதையே எழுதிக் கொடுத்துவிடுவேன். வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்."

"அப்படியானால் பெரிய டாக்டர்?"

"அவர் எழுதியதை நான் மாற்றலாமா என்று எனக்குத் தயக்கம். ஏற்றுவதை உள்ளூர் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று அவர் இருந்திருப்பார்."

மூன்றாவது கையெழுத்து எலும்பு டாக்டருடையது. முழங்கால் வலிக்கு அவர் ஒரு மாதத்துக்கு டைக்ளோஃபெனாக் எழுதியிருந்தார். அவ்வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் வாட்டும். இதயம் தளர்ந்தவருக்கு அவற்றைத் தவிர்க்க வேண்டுமென்று எல்லா வழிகாட்டு நெறிகளும் எச்சரிக்கின்றன. அதைத் தின்ற மூன்றாம் வாரத்தில்தான் காக்காவின் கால்கள் பூசணிக்காயாக வீங்கி, நள்ளிரவில் ஆம்புலன்சு தேட வேண்டியதாயிற்று. இதயம் தளர்ந்தவர் என்பது அவருக்குத் தெரியுமா என்று காக்காவிடம் கேட்டேன். "அவர் முட்டியைப் பற்றித்தானே கேட்டார்?" என்றார்கள்.

இவ்வளவு நேரமும் நான் முன்ஷீயாக உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அப்போது டாக்டர் ஒரு சீட்டை விரலால் தொட்டு, "ஹஜ்ரத், நான்காவது மாத்திரை எங்கே? ஐந்தாம் சீட்டிலிருந்து டாபாக்லிஃப்ளோசினைக் காணோமே. நான் நிறுத்தவில்லையே. வேண்டாமென்றுவிட்டார்கள் என்று என் குறிப்பில் இருக்கிறது" என்றார்.

அதை நிறுத்தியவன் நான்தான். மருந்துக்கடைப் பையன், "இது சர்க்கரை மாத்திரையாச்சே, பெரியவருக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். காக்கா என்னிடம் கேட்டார்கள். காக்காவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. படித்த தம்பியாகிய நான், "இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு? ஏதோ கைப்பிழையாக எழுதியிருப்பார்கள்" என்று தீர்ப்பளித்துவிட்டேன். அந்த மருந்து சர்க்கரைக்காகப் பிறந்தது உண்மை. ஆனால் 2019-இல் வெளிவந்த பேராய்வொன்றில், இதயம் தளர்ந்த 4,744 பேருக்கு அதைக் கொடுத்தும் கொடாமலும் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயே இல்லாதவர்கள். சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி நோய் முற்றுவதும் இறப்பும் குறைந்தன. ஒரு பிரதியில் விளங்காத சொல்லைக் கண்டால், எழுத்தரின் பிழையென்று உடனே அடித்துவிடாதே, உன் அறியாமையாக இருக்கலாம் என்று மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் வரவழைத்தார்.

அன்றிரவு முதல் இதைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன். ஆங்கிலக் கட்டுரைகளை அந்த மாணவரே எடுத்துக் கொடுத்து விளக்கினார். படிக்கப் படிக்க, இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று என்பது தெரிந்தது. 2013-இல் திருவனந்தபுரத்தில் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்து பார்த்தார்கள். எங்கள் தென்கோடி ஊர்களிலிருந்து இதயத்துக்கென்று பலர் இரயிலேறிப் போகும் நகரம் அது. அங்கே இறைப்பு குறைந்த நோயாளிகளில், வீடு திரும்பும்போது நெறிப்படியான மருந்துகளைப் பெற்றிருந்தவர்கள் நூற்றுக்கு 25 பேரே. பின்னர் இந்தியா முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரை வைத்து எடுத்த தேசியப் பதிவேட்டில், பெறத் தகுந்தவர்களுள் 47.5 விழுக்காட்டினரே அம்மருந்துகளைப் பெற்றிருந்தனர். 90 நாட்களுக்குள் 14.2 விழுக்காட்டினர் இறந்திருந்தனர்.

வறுமையும் நெரிசலும் உள்ள நாடு என்று இதைத் தள்ளிவிடலாமா? செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் 3,518 நோயாளிகளைப் பார்த்து 2018-இல் வெளியிட்ட கணக்கு இது: கொடுக்கத் தடையேதும் இல்லாதவர்களிலேயே 27 விழுக்காட்டினருக்கு எனலாப்ரில் போன்ற முதல்வகை மருந்து எழுதப்படவில்லை. 33 விழுக்காட்டினருக்குப் பீட்டா பிளாக்கர் இல்லை. 67 விழுக்காட்டினருக்கு ஸ்பைரோனோலாக்டோன் வகை இல்லை. மூன்றும் முழு இலக்கு அளவில் கிடைத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். அந்த ஒரு விழுக்காட்டைப் படித்தபோது என் மாணவர்மேல் இருந்த வருத்தம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அத்தனை டாக்டர்களும் அறியாதவர்களா, அலட்சியக்காரர்களா? இருக்க முடியாது. இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழும் முதியவருக்கும், சிறுநீரகம் கெட்டவருக்கும் அளவைக் குறைப்பது நியாயமே. அது நெறிக்குள் அடங்கியதே. ஆனால் அந்த நியாயம் அத்தனை பேருக்கும் பொருந்தாது.

அறியாமை என்று நாம் எண்ணும் சிலவற்றில் பழைய அறிவும் கலந்திருக்கிறது. பீட்டா பிளாக்கர் கதையைக் கேளுங்கள். இதயத்தின் வேகத்தையும் விசையையும் அடக்கும் மருந்து அது. தளர்ந்த இதயத்துக்கு அதைக் கொடுப்பது, இளைத்த மாட்டின் காலைக் கட்டுவதற்கு ஒப்பு என்றுதான் நெடுங்காலம் கற்பித்தார்கள். கொடுக்கவே கூடாது என்பது அன்றைய சட்டம். 1975-இல் சுவீடனின் கோதன்பர்க் நகரத்து மருத்துவர்கள் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் தேறினார்கள் என்று எழுதினார்கள். நம்பியவர் சிலரே. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1999-இல், 2,647 நோயாளிகளைக் கொண்ட பிசோப்ரோலால் ஆய்வு வெளிவந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 17.3 விழுக்காட்டினர் இறந்திருக்க, மருந்து பெற்றவர்களில் 11.8 விழுக்காட்டினரே இறந்திருந்தார்கள். இடையிலேயே ஆய்வை நிறுத்திப் பலனை அறிவித்தார்கள். அதன்பின் ஹராம் என்றிருந்தது ஏறக்குறைய ஃபர்ளு ஆகிவிட்டது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு இது புதிதன்று. இமாம் ஷாஃபிஈ அவர்கள் பாக்தாதில் இருந்தபோது உரைத்தவற்றைக் கவ்ல் கதீம் என்றும், மிஸ்ருக்குச் சென்றபின் ஆய்ந்து மாற்றியுரைத்தவற்றைக் கவ்ல் ஜதீத் என்றும் ஓதிவருகிறோம். எண்ணக்கூடிய சில மஸ்அலாக்கள் தவிர, ஃபத்வா ஜதீதின் மீதே. கதீமை மட்டும் ஓதிவிட்டு ஊர் திரும்பிய ஓர் ஆலிமை ஜாஹில் என்று சொல்ல முடியுமா? அவர் கற்றது கல்விதான்; ஆனால் அதற்குப் பின் வந்தது அவரை எட்டவில்லை. 1985-இல் பட்டம் பெற்ற ஒரு வைத்தியர், மூச்சுத்திணறும் நோயாளியின் சீட்டில் பீட்டா பிளாக்கரை எழுதப் பேனாவை எடுக்கும்போது, அவருடைய ஆசிரியரின் குரல் காதில் ஒலிக்காமல் இராது. இதயத்தைப் பற்றிய அறிவே இப்படி கதீமும் ஜதீதுமாக வளர்ந்ததுதான். வலப்புற அறையின் இரத்தம் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு இடப்புறம் செல்கிறது என்று கலென் சொன்னதை ஆயிரம் ஆண்டுகள் எல்லோரும் ஓதினார்கள். அச்சுவரில் துளை இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே சுற்றி வருகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு நஃபீஸ். அவர் காஹிராவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்தவர் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் என் மாணவருக்கு கதீம் தெரிந்து ஜதீத் தெரியாத குறை இல்லை. ஜதீதைத்தான் அவர் ஓதியிருந்தார். அவருடைய நிலை வேறு. அதை விளங்கிக்கொள்ள எனக்குத் தஜ்வீது வகுப்புத்தான் உதவியது. எந்த எழுத்துக்குப் பின் எது வந்தால் மறைத்து ஓத வேண்டும், மத்தை எத்தனை ஹரகத்து நீட்ட வேண்டும் என்று கேட்டால், பன்னிரண்டு வயது ஹாஃபிழ் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அந்தப் பிள்ளையையே தராவீஹில் நிறுத்திப் பாருங்கள். ஊரார் முதுகுக்குப் பின்னால் நிற்க, நேரம் ஓட, ஜுஸ்உவை முடிக்க வேண்டுமென்ற பதற்றத்தில் ஆறு ஹரகத்து நான்காகி, நான்கு இரண்டாகும். சட்டம் மறக்கவில்லை, நாவு சுருக்கிவிடுகிறது. இதற்கு மருந்து, சட்டத்தை மறுபடியும் கற்பிப்பதன்று. பின்வரிசையில் ஒரு ஹாஃபிழை நிறுத்தி, தவறும் இடத்தில் எடுத்துக் கொடுக்கச் செய்வதுதான். பகலில் ஒருமுறை பாடம் கேட்பதுதான். எவ்வளவு பெரிய காரியானாலும் பாடம் கேட்பவர் வேண்டும் என்பதில் நம் உஸ்தாதுமார்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

டாக்டருக்குப் பாடம் கேட்பவர் யார்? முன்னோர் இதை எண்ணாமல் இருக்கவில்லை. ஹிஜ்ரி 319-இல் பாக்தாதில் ஒரு வைத்தியரின் பிழையால் ஒருவர் இறந்தார். அதைக் கேட்ட கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு தாபித் தேர்வு செய்து ஒப்புக்கொண்டாலன்றி எவரும் வைத்தியம் செய்யக் கூடாதென்று ஆணையிட்டார் என இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். எண்ணூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தார்களாம். அது அறிவைச் சோதித்தது. என்னை மேலும் கவர்ந்தது, 12-ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டு ஷைஸரீ முஹ்தஸிபுகளுக்காக எழுதிய கையேட்டில் காணும் ஏற்பாடு. வைத்தியர் நோயாளியைப் பார்த்து மருந்தை எழுதியதும், அதன் நகலொன்றை வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் அவ்வாறே. நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அந்த நகல்களைத் தலைமை வைத்தியர் முன் வைப்பார்கள். சிகிச்சை முறைப்படி நடந்திருக்கிறதா என்று அவர் வரிசையாகப் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். நான் துணிக்கடைப் பையோடு போனதும் ஏறத்தாழ அதேதான். ஒரு வேறுபாடு: அல்லாஹ்வின் கிருபையால் காக்கா உயிரோடு இருக்கும்போதே போனேன்.

இங்கே ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. நெறியைப் பின்பற்றியதாலேயே தீங்கு விளைந்ததும் உண்டு. 1999-இல் ஸ்பைரோனோலாக்டோன் ஆய்வு வெளிவந்தது. கடுமையாகத் தளர்ந்த இதயமுடையவர்களில், வெறும் மாத்திரை பெற்றோரில் 46 விழுக்காட்டினர் இறக்க, மருந்து பெற்றோரில் 35 விழுக்காட்டினர் இறந்தார்கள். செய்தி பரவியது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து டாக்டர்கள் ஆர்வத்தோடு எழுதத் தொடங்கினார்கள். ஆய்வில் செய்ததுபோல் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை அடிக்கடி அளந்து பார்க்கும் வழக்கம் மட்டும் அதே வேகத்தில் பரவவில்லை. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்து திரும்பி எனலாப்ரில் வகை மருந்தில் இருந்த முதியோருள், பொட்டாசியம் மிகுந்து மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்து, 2001-இல் 11 ஆக உயர்ந்தார்கள். அதனால் நேர்ந்த இறப்பு ஆயிரத்துக்கு 0.3-இலிருந்து 2 ஆயிற்று. மருந்தின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் ஷர்த்துகளை விட்டால் இப்படித்தான் ஆகும். உளூ இன்றித் தொழுகைக்கு நின்றவன், தொழுகை முழுவதையும் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லி என்ன பயன்?

அதனால்தான் என் மாணவர் மறுவாரம் வகுத்த திட்டத்தில் மருந்துகளைவிட நாட்களே மிகுதியாக இருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை. காலையில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க இரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் பிரஷர், எடை, கால் வீக்கம் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு படி ஏற்றம். இல்லையென்றால் அங்கேயே நிற்றல் அல்லது ஒரு படி இறக்கம். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் இன்றைய அளவு என்று கோடு கிழித்தார். "ஹஜ்ரத், இது உங்களிடம் இருக்கட்டும். நான் ஏற்றாமல் விட்டால் ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடியாவிட்டால் எழுத வையுங்கள்" என்றார். பெரிய டாக்டருக்கும் தொலைபேசியில் பேசி, ஏற்றும் பொறுப்பு யாருக்கு என்று முடிவுசெய்துகொண்டார். இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. பதினெட்டு மாதங்களாக நடக்காத இரண்டு நிமிடம்.

இந்த முறை அவர் கண்டுபிடித்ததன்று. 2022-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், 14 நாடுகளில் 1,078 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மறுபிரிவினரை வீடு திரும்பியதும் அடுத்தடுத்து வரவழைத்து, இரத்தம் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் முழு அளவை எட்ட முயன்றார்கள். 180 நாட்களில், இறப்பு அல்லது மீண்டும் மருத்துவமனைவாசம் வழக்கமான பிரிவில் 23.3 விழுக்காடு, மறுபிரிவில் 15.2. புதிதாக ஒரு மருந்தும் இதில் இல்லை. இருந்த மருந்தை, இருந்த நெறிப்படி, காலத்தில் கொடுத்தார்கள்; அவ்வளவே.

காக்காவை அந்தப் புதன்கிழமைகளுக்குச் சம்மதிக்க வைப்பது டாக்டருக்குச் சம்மதம் சொல்ல வைப்பதைவிடக் கடினமாக இருந்தது. சென்னை மண்ணடியில் நாற்பது ஆண்டு வியாபாரம் செய்தவர்கள். கணக்கு கேட்டுப் பழக்கமே தவிரக் கொடுத்துப் பழக்கமில்லை. 2022-இல் முதல் முறை வீடு வந்தபோதும், இரண்டு வாரத்தில் வரச்சொல்லியிருந்தார்கள். அது ரமலான் நடுவில் விழுந்தது. அவ்வாண்டு நோன்பு வைக்க வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதில் காக்காவுக்கு மனத்தாங்கல். அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமலே பெருநாள் போகட்டும் என்றார்கள். பெருநாள் போயிற்று, சுகமாகவும் இருந்தது, ஆறு நோன்புக் காலமும் போயிற்று. வீட்டிலிருந்த எங்களில் ஒருவரும் தேதியைப் பார்க்கவில்லை. நோயாளியும் வீட்டாரும் வராத நாளில் எந்த டாக்டர் எந்த நெறியைப் பின்பற்றுவார்?

இம்முறை நான் கூடவே போனேன். மூன்றாம் புதன்கிழமை பொட்டாசியம் 5.6 என்று வந்து, ஸ்பைரோனோலாக்டோனைப் பாதியாகக் குறைத்தார்கள். விசாரித்ததில், சூடு தணிய நாள்தோறும் இரண்டு இளநீர் குடித்துவருவது வெளிப்பட்டது. என் மைனி அன்போடு வெட்டிக் கொடுத்தது. இளநீரில் பொட்டாசியம் மிகுதியென்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் முன்பே நின்றுவிட்டன. இளநீரும் நின்றபோது காக்கா என்னைப் பார்த்து, "தம்பி, மவ்த்துக்குப் பயந்து மருந்து தின்றால், மருந்துக்குப் பயந்து பட்டினி கிடக்க வேண்டியதாகப் போயிற்றே" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து கேலி வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. டாக்டரும் சிரித்தார்.

எனலாப்ரில் வேளைக்கு 10 வரை ஏறியது. பிசோப்ரோலால் 5-இல் நின்றுவிட்டது. அதற்கு மேல் நாடி மிகவும் குறைந்து தலை சுற்றியது. நோட்டில் காரணம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். நான்காவது மாத்திரை திரும்ப வந்துவிட்டது. சென்ற எக்கோவில் 28 என்பது 37 ஆகியிருந்தது. தலையணை மூன்றிலிருந்து ஒன்றாயிற்று. பள்ளிவாசலுக்கு நடந்து போகிறார்கள். வழியில் மரைக்கார் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை உட்கார்ந்து எழுகிறார்கள். அதே நோட்டைப் போல இப்போது டாக்டர் மேசையில் இன்னும் ஏழெட்டு நோட்டுகள் இருக்கின்றன. எல்லா நோயாளிகளுக்கும் இதைச் செய்ய நேரம் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார். நோட்டில் கோடு கிழிப்பதற்கென்றே செவிலியர் ஒருவரை வைத்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது சிரமமாக இருக்கிறதாம்.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் பொட்டாசியம் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்டுவரும்படி காக்கா சொன்னார்கள், மறந்துவிட்டேன். அஸருக்குப் பின் போய்க் கேட்டுவர வேண்டும்.